தோற்றுப்போன அணிக்கும் அடுத்த வாரம் ஓர் ஆட்டம் கொடுங்கள்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் உடற்கல்வித் துறைகளுக்கும், கல்லூரி முதல்வர்களுக்கும், கல்லூரி உடற்கல்வி இயக்குநர்களுக்கும்,

வணக்கம். கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். கல்லூரிகளுக்கு இடையிலான பெண்கள் கால்பந்துப் போட்டியை நாக்-அவுட்டாக, அதாவது ஒரு தடவை தோற்றதும் வெளியே போகிற முறையில், நடத்துவதை நிறுத்துங்கள். வரும் கல்வியாண்டிலிருந்து லீக்காக, அதாவது ஒரு பிரிவில் உள்ள எல்லா அணிகளும் ஒன்றோடொன்று ஆடுகிற முறையில், நடத்துங்கள். எந்த அணி வந்தாலும், எத்தனை கோல் வாங்கினாலும், குறைந்தது மூன்று ஆட்டமாவது ஆடிவிட்டுத்தான் ஊர் திரும்ப வேண்டும். ஏன் கேட்கிறேன் என்று சொல்லத்தான் மீதி மடல்.

நான் உடற்கல்வி படித்தவன் இல்லை. மதுரைக்குத் தெற்கே ஓர் ஊரில் மில்லில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். போன வருஷம் என் அக்கா மகள் கல்லூரியில் சேர்ந்ததும் கால்பந்து அணியில் பெயர் கொடுத்தாள். விடியற்காலையில் அவளை மைதானத்தில் கொண்டுபோய் விடுகிற வேலை எனக்கு வந்தது. விட்டுவிட்டுத் திரும்ப வேண்டியவன் நின்று பார்க்க ஆரம்பித்து, ஜூலையிலிருந்து மார்ச் வரை அந்த அணி எங்கே போனாலும் கூடவே போனேன். கல்லூரியின் பெயரை எழுதவில்லை, ஏனென்றால் இந்த மடலைப் படிக்கிற உடற்கல்வி ஆசிரியர்களில் பாதிப் பேராவது "இது நம்ம டீம்தானே" என்று நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

பதினாறு பெண்கள். பள்ளியிலேயே கால்பந்து ஆடியவர்கள் அதில் மூன்று பேர்தான். மற்றவர்கள் கபடியிலிருந்தும் கோ-கோவிலிருந்தும் தடகளத்திலிருந்தும் வந்தவர்கள், இரண்டு பேர் எந்த விளையாட்டிலும் இல்லாமல் தோழி கூப்பிட்டாள் என்று வந்தவர்கள். பந்தைக் கையில் பிடித்துப் பழக்கம் இருக்கிறது என்பதற்காக ஹேண்ட்பால் ஆடிய பெண்ணைக் கோல்கீப்பராக நிறுத்தினார்கள். 400 மீட்டர் ஓடுகிற பெண்ணை வேகத்துக்காக ரைட் விங்கில் போட்டார்கள். என் அக்கா மகள் லெஃப்ட் பேக், அதாவது இடப்பக்கத் தடுப்பாட்டக்காரி. பள்ளியில் பெண்களுக்குக் கால்பந்து இருக்கிற ஊர்கள் குறைவு, அதனால் பெரும்பாலான கல்லூரிகளில் பெண்கள் அணி இப்படித்தான் சேர்கிறது, இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பதினெட்டு வயதில் புதிதாக ஒரு விளையாட்டைக் கற்றுக்கொள்ள வந்து நிற்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிந்தது.

பயிற்சி காலை ஆறு மணிக்கு. மாலையில் மைதானம் ஆண்களுக்கு. கால்பந்து, கிரிக்கெட், நடைப்பயிற்சிக்கு வருகிற வெளியாட்கள் என எல்லாரும் போக மீதம் இருப்பது காலை ஒன்றரை மணி நேரம். கல்லூரிக் கட்டடத்தைத் திறப்பது எட்டரைக்கு. அதாவது ஆறு மணிக்கு ஓட வருகிற பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. மாதவிலக்கு நாட்களில் அவர்கள் வராமல் போவதற்கு உடம்பு முடியாதது காரணமில்லை, இதுதான் காரணம் என்று அணியின் கேப்டன் ஒரு நாள் என்னிடமே நேராகச் சொன்னாள். பூட்ஸ் எட்டு ஜோடி இருந்தன, பதினாறு பேருக்கு. பயிற்சியில் பாதிப் பேர் கேன்வாஸ் ஷூவில் ஆடினார்கள், மழை பெய்த காலையில் வழுக்கிக்கொண்டே ஆடினார்கள். வீட்டில் சொன்னவை உங்களுக்கே தெரியும், வெயிலில் கறுத்துப்போவாய், ஷார்ட்ஸ் போட்டுக்கொண்டு ரோட்டில் வராதே, கால் உடைந்தால் யார் கட்டிக்கொள்வான். அதையெல்லாம் அந்தப் பெண்களே சமாளித்தார்கள், அதற்கு யார் உதவியும் அவர்கள் கேட்கவில்லை.

செப்டம்பரில் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி வந்தது. விடியற்காலை வேனில் கிளம்பினோம். எங்கள் ஆட்டம் பதினோரு மணிக்கு, நல்ல வெயில், 35 நிமிடமாக இரண்டு பாதி. எதிரணியில் மாநில அணிக்கு ஆடிய பெண்கள் இருந்தார்கள், விளையாட்டு விடுதியில் வளர்ந்தவர்கள் இருந்தார்கள். எங்கள் பெண்கள் நடுக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனது மொத்தமே நான்கைந்து தடவைதான் இருக்கும். கோட்டுக்கு வெளியே போன பந்தை உள்ளே எறிந்தால் ஃபவுல் த்ரோ, அதாவது விதிப்படி எறியவில்லை என்று நடுவர் பந்தை எதிரணிக்குக் கொடுத்துவிடுவார். கோல் கிக் அடித்தால் பெனால்டி ஏரியாவுக்குச் சற்று வெளியே நிற்கிற எதிரணி ஃபார்வர்டின் காலிலேயே போய் விழும், அதுவே ஒரு கோல். டிஃபென்ஸில் நான்கு பேரும் பந்து இருக்கிற பக்கமே ஓடுவார்கள், மறுபக்கம் காலியாகக் கிடக்கும். 0–9. ஒன்பதாவது கோல் விழுந்த பிறகும் கோல்கீப்பர் பெண் பந்தை எடுத்துக்கொண்டு நடுவட்டத்துக்கு ஓடினாள், சீக்கிரம் வைத்து ஆடலாம் என்று. எதிரணிப் பெண்கள் ஆட்டம் முடிந்ததும் அவளைத்தான் முதலில் வந்து கட்டிப்பிடித்தார்கள்.

பன்னிரண்டரைக்கு எல்லாம் முடிந்துவிட்டது. தயிர்சாதப் பொட்டலம் சாப்பிட்டுவிட்டு வேன் ஏறினால் அந்த ஆண்டுக்கான போட்டி முடிந்தது. ஜூலையிலிருந்து விடியற்காலை எழுந்து ஓடியதற்குக் கிடைத்தது எழுபது நிமிடம்.

தோற்றதைப் பற்றி நான் புகார் சொல்லவில்லை, நன்றாக ஆடிய அணி ஜெயித்தது. என் கவலை அடுத்த நாள் காலையைப் பற்றியது. ஃபவுல் த்ரோ ஏன் கொடுத்தார்கள், பந்து இல்லாத பக்கத்து பேக் எங்கே நிற்க வேண்டும், கோல் கிக்கை எந்தப் பக்கம் அடிக்க வேண்டும் என்று உடற்கல்வி ஆசிரியை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார், பெண்களும் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் அதை எங்கே போய் ஆடிப் பார்ப்பது? அடுத்த ஆண்டு செப்டம்பரில். அதற்குள் மூன்றாம் ஆண்டுப் பெண்கள் படிப்பு முடிந்து போயிருப்பார்கள், முதலாம் ஆண்டில் புதிதாக ஐந்தாறு பேர் வந்திருப்பார்கள், திரும்பவும் முதலிலிருந்து. எட்டு, ஒன்பது என்று கோல் வாங்குவதற்குப் பெண்களுக்கு ஆர்வம் இல்லாததோ ஆசிரியர்களுக்கு அக்கறை இல்லாததோ காரணம் என்று நான் நம்பவில்லை. போட்டி அட்டவணையே அதை உண்டாக்குகிறது. ஏற்கெனவே நன்றாக ஆடுகிற அணி ஒவ்வொரு ஆண்டும் நான்கைந்து ஆட்டம் ஆடி இன்னும் நன்றாக ஆடுகிறது, ஆட்டம் அதிகமாகத் தேவைப்படுகிற அணி ஒன்றோடு வீட்டுக்குப் போகிறது.

இன்னொன்றும் இருக்கிறது, இதை உங்கள் தேர்வுக் குழுக்கள் தயவுசெய்து யோசிக்க வேண்டும். பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பது இந்தப் போட்டியில் பார்த்துத்தான். பலவீனமான அணியில் ஒரு நல்ல ஃபார்வர்டு இருந்தால், அவளுக்குப் பந்தே வராத ஓர் ஆட்டத்தில், முதல் சுற்றில், தேர்வாளர்கள் பலர் வந்து சேர்வதற்கு முன்பே அவள் கதை முடிந்துவிடும். பல்கலைக்கழக அணியில் இடம் கிடைத்தால்தான் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்துகிற போட்டிக்குப் போகலாம், அங்கே கிடைக்கிற சான்றிதழ்தான் நாளைக்கு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் கைகொடுக்கும். தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. அதை நம்பித்தான் எத்தனையோ வீடுகளில் பெண்ணை மைதானத்துக்கு அனுப்ப அப்பா சரி என்கிறார். கடலூர் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடினார், தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர் ஆனார், அவரைக் காட்டித்தான் எங்கள் ஊரிலும் பெண்கள் வீட்டில் பேசுகிறார்கள்.

சரி, கணக்குக்கு வருகிறேன். எட்டுக் கல்லூரிகள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். நாக்-அவுட் என்றால் மொத்தம் 7 ஆட்டம், நான்கு கல்லூரிகள் ஒரே ஆட்டத்தோடு கிளம்பிவிடும். அதே எட்டை நான்கு நான்காக இரண்டு பிரிவாக்கினால் ஒவ்வொரு பிரிவிலும் 6, ஆக 12, அரையிறுதி 2, இறுதி 1, மொத்தம் 15 ஆட்டம். கடைசியில் வருகிற அணிக்கும் மூன்று ஆட்டம் நிச்சயம். எட்டு ஆட்டம் கூடுதல். அவ்வளவுதான் நான் கேட்பது.

செலவு என்பீர்கள், நடுவர் கட்டணம் என்பீர்கள், பெண்களை வெளியூரில் இரவு தங்க வைப்பது பெரிய பொறுப்பு என்பீர்கள். மூன்றாவதை நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டிலேயே இரவு தங்க வேண்டும் என்றால் அக்கா அனுப்பியிருக்க மாட்டார். அதனால்தான் பிரிவு ஆட்டங்களைப் பக்கத்துப் பக்கத்துக் கல்லூரிகளாகப் பிரித்து, போய்விட்டு அன்றே திரும்புகிற மாதிரி சனிக்கிழமைகளில் வையுங்கள் என்கிறேன். நான்கு அணி, மூன்று சனிக்கிழமை, ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரே மைதானத்தில் இரண்டு ஆட்டம், ஒன்று காலை ஏழு மணிக்கு, இன்னொன்று மாலை நான்குக்கு. பதினோரு மணி வெயிலில் வேண்டவே வேண்டாம். அரையிறுதியும் இறுதியும் இப்போது நடக்கிற மாதிரியே ஒரே இடத்தில் நடக்கட்டும். வகுப்பும் கெடாது.

இன்னொரு பதிலும் எனக்குக் கிடைத்தது, ஒரு மூத்த உடற்கல்வி ஆசிரியர் என்னிடமே சொன்னார்: இப்படித் தோற்கிற பெண்களைத் திரும்பத் திரும்ப ஆட வைத்து அவமானப்படுத்த வேண்டுமா தம்பி, ஒன்றோடு போகட்டுமே என்று. அக்கறையோடுதான் சொன்னார். அவருக்கு நான் தாய்லாந்தைச் சொன்னேன். 2019 உலகக் கோப்பையில், ஜூன் 11 அன்று அமெரிக்காவிடம் தாய்லாந்துப் பெண்கள் 0–13 தோற்றார்கள், பெண்கள் உலகக் கோப்பையில் அவ்வளவு பெரிய தோல்வி அதுவரை இல்லை. அது நாக்-அவுட்டாக இருந்திருந்தால் அந்தப் பதின்மூன்றோடு அவர்கள் விமானம் ஏறியிருப்பார்கள். பிரிவு ஆட்டம் என்பதால் ஐந்தே நாளில் சுவீடனோடு இன்னொரு ஆட்டம் இருந்தது. அதிலும் தோற்றார்கள், 1–5. ஆனால் தொண்ணூறு நிமிடமும் முடிந்த பிறகு அணியின் கேப்டன் காஞ்சனா ஒரு கோல் போட்டார், பெஞ்சில் இருந்த அணி மேலாளர் நுவல்பான் லாம்சாம் தேம்பி அழுதார், உலகம் முழுக்க அந்தப் படம் வந்தது. மூன்று ஆட்டத்தில் இருபது கோல் வாங்கி ஒரு கோல் போட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள், அந்த ஒரு கோலை அவர்களிடமிருந்து யாராலும் பிடுங்க முடியாது. அதே தாய்லாந்தைத்தான் 2025 ஜூலை 5 அன்று சியாங் மாயில், அவர்கள் சொந்த மண்ணில், 2–1 என்று ஜெயித்து நம் இந்தியப் பெண்கள் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள்.

நம் நாட்டிலேயே இதற்கு வழி காட்டியிருக்கிறார்கள். இந்தியப் பெண்கள் லீக் முதலில் ஓர் ஊரில் எல்லா அணிகளையும் கூட்டிவைத்துச் சில வாரங்களில் முடிக்கிற போட்டியாக இருந்தது. 2023–24இல் அதைச் சொந்த மைதானம், எதிரணி மைதானம் என்று மாற்றி நடத்தினார்கள். ஏழு அணிகள், ஒவ்வோர் அணிக்கும் 12 ஆட்டம், கடைசி இடத்துக்கு வந்த அணிக்கும் 12தான். அமெரிக்காவில் கல்லூரிப் பெண்கள் கால்பந்துக்கு ஆகஸ்டு முதல் நவம்பர் வரை ஒரு பருவமே உண்டு. ஓர் ஆட்டம்கூட ஜெயிக்காத கல்லூரியும் பதினைந்து ஆட்டத்துக்குக் குறையாமல் ஆடும். அவர்களுடைய பணமும் மைதானமும் நமக்கு இல்லை, பதினைந்தை நானும் கேட்கவில்லை. மூன்று கேட்கிறேன்.

எங்கள் அணி செப்டம்பரோடு முடிந்துவிடவில்லை, அதைச் சொல்லாமல் விட்டால் இந்த மடலுக்கே அர்த்தம் இல்லை. அன்றைக்கு அதே மைதானத்தில் முதல் சுற்றில் தோற்ற இன்னொரு கல்லூரியின் கேப்டனிடம் எங்கள் கேப்டன் போய் போன் நம்பர் வாங்கிவந்தாள். அந்தக் கல்லூரி எங்களுக்கு முக்கால் மணி நேரப் பயணம். இரண்டு உடற்கல்வி ஆசிரியர்களும் பேசினார்கள். மூன்றாவதாக ஒரு கல்லூரியும் சேர்ந்தது. அவர்கள் போட்டிக்கே வராதவர்கள், ஓர் ஆட்டத்துக்காக இத்தனை பேரை இவ்வளவு தூரம் கூட்டிப்போக நிர்வாகம் பணம் தராததால் பெயரே கொடுக்காமல் இருந்தவர்கள். இந்த மாதிரி பெயர் கொடுக்காத கல்லூரிகள் உங்கள் அட்டவணையில் தெரியாது, ஆனால் மூன்று ஆட்டம் நிச்சயம் என்றால் அவர்களும் வருவார்கள் என்று அந்த ஆசிரியரே சொன்னார்.

நவம்பர் தேர்வு முடிந்து டிசம்பரிலிருந்து சனிக்கிழமைகளில் ஆடினார்கள். முதல் ஆட்டம் 0–4. பார்க்கிறவர்களுக்கு அது இன்னொரு தோல்வி, ஆனால் ஃபவுல் த்ரோ ஒன்றுகூட இல்லை என்று ஆசிரியை நோட்டில் எழுதிவைத்தார். அடுத்தது 1–3. அந்த ஒரு கோலை அடித்தது 400 மீட்டர் ஓடுகிற பெண். கார்னர் கிக் அடித்தபோது கோலுக்கு முன்னால் யாரும் கவனிக்காமல் கிடந்த பந்தை முழங்காலாலேயே உள்ளே தள்ளினாள், அணியில் பாதிப் பேருக்கு கோல் போட்டால் என்ன செய்வது என்றே தெரியவில்லை, அப்படியே நின்றார்கள், அப்புறம்தான் ஓடிப்போய் அவள் மேல் விழுந்தார்கள். பொங்கல் முடிந்து 1–1. அதற்கு அடுத்த வாரம் மூன்றாவது கல்லூரியை 2–0 ஜெயித்தார்கள். என் அக்கா மகள் அன்றைக்குப் பந்து மறுபக்கம் இருக்கும்போது தன் இடத்தை விட்டு நகரவே இல்லை. இவ்வளவு சின்ன விஷயம், ஆனால் செப்டம்பரில் விழுந்த ஒன்பதில் நான்காவது அந்த ஓர் ஓட்டையில் வந்தது. வேனில் திரும்பும்போது, "மாமா, இப்பத்தான் எங்க நிக்கணும்னே புரியுது" என்றாள். கற்றுக்கொடுத்தது செப்டம்பரில், புரிந்தது ஜனவரி கடைசியில், நடுவில் அத்தனை ஆட்டம் தேவைப்பட்டது.

பிப்ரவரியில் ஒரு கோப்பைப் போட்டிக்குப் போய் நல்ல அணி ஒன்றிடம் 0–3 தோற்றார்கள். ஆண்டு முழுக்கக் கூட்டிப் பார்த்தால் ஜெயித்தது ஒன்றே ஒன்று. கல்லூரி ஆண்டு விழாவில் பரிசு வாங்கிய அணிகளில் இவர்கள் பெயர் இல்லை. ஆனால் ஜூலையில் வந்த பதினாறு பேரில் பதினான்கு பேர் மார்ச் வரை நின்றார்கள். வழக்கமாகப் போட்டி முடிந்த மறுவாரமே பாதிப் பேர் வராமல் போய்விடுவார்கள் என்று ஆசிரியை சொன்னார்.

தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018இல் கட்டக்கில் மணிப்பூரை 2–1 என்று ஜெயித்துத் தேசியப் பட்டம் வாங்கியது. 2023இல் அமிர்தசரஸில் ஹரியானாவை ஜெயித்துத் திரும்பவும் வாங்கியது. மதுரையின் சேது அணி 2019இல் இந்தியப் பெண்கள் லீக்கையே ஜெயித்தது. எனக்கு இதில் எவ்வளவு பெருமை என்று சொல்லி முடியாது. ஆனால் அந்தப் பெண்களில் பலர் எங்கிருந்து வந்தார்கள் என்று பாருங்கள். கடலூரில் மாரியப்பன் மாதிரி ஒரு பயிற்சியாளர் அரசுக் காப்பகத்துப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து நாள் தவறாமல் ஆட வைத்தார், அப்படி வந்தவர்தான் இந்தியாவுக்கு ஆடுகிற சந்தியா ரங்கநாதன். ஆட்டம் கிடைத்த இடத்தில்தான் ஆட்டக்காரிகள் வந்திருக்கிறார்கள். அந்த மாதிரி மூன்று நான்கு இடங்கள் போக, மற்ற மாவட்டங்களில் கால்பந்தைத் தொடுகிற பெண்களில் பெரும்பாலோர் கல்லூரிக்கு வந்துதான் தொடுகிறார்கள். அவர்களுக்கு எழுபது நிமிடம் என்பது நியாயம் இல்லை.

கல்லூரி முதல்வர்களே, உங்களிடம் தனியாகச் சில. காலை ஆறு மணிக்கு ஒரே ஒரு கழிப்பறையையாவது திறந்துவைக்கச் சொல்லுங்கள், இதற்குப் பணம் வேண்டாம், சாவி வைத்திருக்கிறவரிடம் ஒரு வார்த்தை போதும். பதினோரு பேருக்குப் பதினோரு ஜோடி பூட்ஸ், அளவு பார்த்து. வாரத்தில் இரண்டு மாலை மைதானம் பெண்களுக்கு. உடற்கல்வி இயக்குநர்களே, பல்கலைக்கழகச் சுற்றறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டாம், உங்களைப் போலவே முதல் சுற்றில் தோற்ற பக்கத்துக் கல்லூரி ஆசிரியரை இந்த வாரமே கூப்பிட்டுப் பேசுங்கள். உங்களில் பலர் சொந்தப் பணத்தில் பந்து வாங்கித் தருகிறவர்கள், அதுவும் எனக்குத் தெரியும்.

பல்கலைக்கழக உடற்கல்வித் துறைகளுக்கு: போட்டி அட்டவணையைக் கல்வியாண்டுத் தொடக்கத்தில் முடிவு செய்கிறீர்கள். அந்தக் கூட்டத்தில் பெண்கள் கால்பந்து என்கிற வரிக்கு நேராக நாக்-அவுட் என்று இருப்பதை லீக் என்று மாற்றுங்கள். எல்லா மண்டலத்திலும் முடியாவிட்டால் ஒரு மண்டலத்தில் ஓர் ஆண்டு செய்து பாருங்கள். முதல் சுற்றில் எத்தனை கோல் வித்தியாசம், மூன்றாவது ஆட்டத்தில் எத்தனை, எத்தனை பெண்கள் அடுத்த ஆண்டும் திரும்ப வந்தார்கள் என்று எழுதிவையுங்கள். எங்கள் மூன்று கல்லூரிகளும் அதற்குத் தயார் என்று ஆசிரியர்கள் சொல்லியிருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் கோடு போட, வலை கட்ட, தண்ணீர் கேன் தூக்க ஆள் வேண்டும் என்றால் பெண்களின் அண்ணன்மார், மாமன்மார் பத்துப் பேர் இருக்கிறோம், தேதியை மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அந்த அணியின் லெஃப்ட் பேக்கினுடைய மாமா